கருக்குழாய் நுனியில் இரண்டு மில்லிமீற்றர்: மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"என் பேரும் தோட்டத்துப் பேரும் வேணாம் டொக்டர். மத்தபடி எழுதுங்க" என்று சொல்லி அந்தப் பெண் இதை எழுத அனுமதித்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயையோ முடிவுகளையோ அவை வந்த வரிசையையோ மாற்றவில்லை.

கருக்குழாயின் உட்படலத்துக்குள்ளேயே நிற்கும், இன்னும் வெளியே ஊடுருவாத புற்று மாற்றத்தை நோயியலில் ‘ஸ்டிக்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் வைத்தியர்கள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. எங்கள் நோயாளிக்கு மூன்று நிபுணர்கள் மூன்று வழி சொன்னார்கள்.

## பின்னணி

நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். வயது 48. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தோடு எல்.ஆர்.டி., அதாவது கருக்குழாய்களைக் கட்டி வெட்டும் நிரந்தரக் கருத்தடை, செய்துகொண்டவர். ஒரு வருடத்துக்கு மேலாக மாதவிடாய் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டு போயிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே மலையேறியிருக்கிறார். நிறைந்த கூடையோடு ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் எங்கள் வார்ட்டுக்கு வந்தார். ஹீமோகுளோபின் 7.4. ஸ்கேனில் கர்ப்பப்பையில் பெரிய தசைக்கட்டி.

2021 ஜனவரியில் இரத்தம் ஏற்றிக் கர்ப்பப்பையை அகற்றினோம். எல்.ஆர்.டி.க்குப் பின் எஞ்சியிருந்த கருக்குழாய்த் துண்டுகளையும் இரு பக்கமும் எடுத்தோம். சூலகங்கள் பார்வைக்கு நன்றாக இருந்தன, மாதவிடாயும் இன்னும் நிற்கவில்லை. அதனால் அவற்றை விட்டுவைத்தோம். சந்தேகப்பட எதுவும் தென்படாததால் வயிற்றறையைக் கழுவி அந்த நீரைப் பரிசோதனைக்கு எடுக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் எழுதிய குறிப்பில் "குடும்பத்தில் புற்றுநோய்: இல்லை" என்று ஒரு வரி உண்டு. அதை எழுதியது நான்.

## நுண்ணோக்கியில் கண்டது

கட்டிக்காக எடுத்த கர்ப்பப்பையோடு வரும் கருக்குழாயை ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் விரிவாகப் பார்ப்பதில்லை. ஓரிரு வளையங்களை வெட்டிப் பார்ப்பதோடு சரி. எங்கள் மாதிரியைப் பார்த்த நோயியல் நிபுணர் வேறு விதம். குழாயின் விரல் போன்ற நுனியை அவர் முழுவதுமாகப் பார்ப்பவர். ஃபோர்மலினில் நன்கு பதப்பட்ட பிறகு, கடைசி இரண்டு சென்ரிமீற்றரை நீளவாக்கில் கீறுவார். மீதியை 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் நறுக்குவார். எதையும் வீசாமல் முழுவதையும் மெழுகுக் கட்டியில் ஏற்றுவார். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பொஸ்ரனில் வகுக்கப்பட்ட முறை இது. மார்பக, சூலகப் புற்று வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றமுள்ள பெண்களுக்கு இது வழமையாகிவிட்டது. மற்றவர்களுக்கு எல்லா இடத்திலும் செய்வதில்லை.

வலப்பக்க நுனியில் சுமார் 2 மில்லிமீற்றர் அளவில், கலங்கள் ஒழுங்கிழந்து, கருக்கள் பெருத்து நெருங்கிக் கிடந்த ஒரு திட்டு இருந்தது. கண்ணால் பார்த்து மட்டும் இதை ஸ்டிக் என்று சொன்னால் இரண்டு நோயியல் நிபுணர்களே உடன்படாமல் போகலாம். அதனால் பி53, கேஐ-67 என்ற இரண்டு சாயச் சோதனைகளுக்காக மெழுகுக் கட்டிகள் வேறொரு ஆய்வுகூடத்துக்குப் போயின. முடிவு வர ஐந்து வாரம் ஆனது. புற்று மாற்றத்தில் காணப்படும் விதமாக, பி53 ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் அடர்த்தியாகப் படிந்திருந்தது. பெருகும் கலங்களைக் காட்டும் கேஐ-67உம் உயர்ந்திருந்தது. அடித்தளச் சவ்வு எங்கும் உடைபடவில்லை. ஊடுருவாத ஸ்டிக் என்பது உறுதியானது.

அந்த நிபுணரின் பழக்கம் இல்லாவிட்டால் இந்த ஆய்வே எழுதப்பட்டிருக்காது. "கர்ப்பப்பைத் தசைக்கட்டி, குழாய்கள் சாதாரணம்" என்ற அறிக்கையோடு அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருப்பார். சிகிச்சையில் உள்ள வேறுபாடுகளைப் பற்றி நாம் பேசுகிறோம். குழாயை எந்த மேசையில் யார் எப்படி வெட்டுகிறார் என்பதில் முதல் வேறுபாடு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

## குடும்பக் கதையை மறுபடி கேட்டோம்

அறிக்கை வந்ததும் அவரைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை "குடும்பத்தில யாருக்காவது கேன்சர் இருந்திச்சா?" என்று கேட்கவில்லை.

"அக்கா, உங்க அம்மா எப்படித் தவறினாங்க?"

"வயிறு வீங்கி, டொக்டர். தண்ணி எடுத்து எடுத்து அனுப்புவாங்க. ஈரல்ல கோளாறுன்னு சொன்னாங்க. எங்கம்மா ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

தாய் இறந்தது 52 வயதில். தாயின் தங்கையைப் பற்றிக் கேட்டபோது, "சின்னம்மாவுக்கு மார்ல கட்டி. புண்ணாகி, வெளிய சொல்ல வெக்கப்பட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார். இருவருக்கும் நோயியல் அறிக்கை எதுவும் கிடையாது. தோட்டத்தில் இறந்தவர்களுக்கு மரணச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

அவர் முதலில் "இல்லை" என்றது பொய்யல்ல. அவருக்குத் தெரிந்த கேன்சர் என்பது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வருவது. அவருடைய அம்மாவையோ சின்னம்மாவையோ யாரும் எங்கும் அனுப்பவில்லை.

## மூன்று ஆலோசனைகள்

எங்கள் பெண்ணோயியல் நிபுணர், ஒரு புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு புற்றுநோய் மருந்துச் சிகிச்சை நிபுணர் மூவரிடமும் ஒரே அறிக்கை போனது.

முதலாமவர் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். திட்டு படலத்தைத் தாண்டவில்லை, அது இருந்த குழாயும் வெளியே வந்துவிட்டது, மூன்று மாதத்துக்குள் மறுபடி வயிற்றைத் திறந்தால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் ஒட்டுகளும் குடல் காயமும் வரக்கூடும் என்பது அவருடைய காரணம். ஸ்டிக்குக்காக மறுசத்திரசிகிச்சை செய்யப்பட்ட பெண்களில் பெரும்பாலானோரிடம் வேறெதுவும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

இரண்டாமவர் திறக்க வேண்டும் என்றார். குழாயின் நுனி சூலகத்தின் மேல் கவிந்திருக்கும் ஓர் உறுப்பு. அங்கிருந்து கழன்ற கலங்கள் சூலகத்தின் மேலும் வயிற்றறை உறையிலும் விழலாம். சூலகப் புற்று என்று நாம் சொல்லிவந்த நோயின் மிகக் கொடிய வகை, பல பெண்களில் உண்மையில் இந்த நுனியிலிருந்தே புறப்படுகிறது என்ற கருத்து 2001இல் நெதர்லாந்திலிருந்து வந்த கண்டறிதலுக்குப் பிறகு வலுப்பட்டது. சூலகங்கள் இரண்டும் இன்னும் உள்ளே இருக்கின்றன, கழுவுநீரும் எடுக்கப்படவில்லை. ஆகவே நமக்குத் தெரிந்தது பாதிதான் என்பது அவர் வாதம்.

மூன்றாமவர் கீமோ கொடுக்கலாமா என்று யோசித்தார். அவரே நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்: ஊடுருவாத ஸ்டிக்குக்குக் கீமோ கொடுத்தால் பின்னால் நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் உலகில் சில இடங்களில் கொடுக்கிறார்கள். பின்னாளில் வயிற்றறையில் புற்றாக வெளிப்பட்ட பெண்களைத் தாமே பார்த்திருப்பதால், சும்மா இருக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றார்.

மூவரும் எதையும் பொறுப்பில்லாமல் சொல்லவில்லை. ஒரு விடயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து: மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். சர்வதேச வழிகாட்டல்களும் உறுதியாகப் பேசுவது அந்த ஒரு இடத்தில்தான்.

## அவரிடம் சொன்ன விதம்

எங்களுக்குள் பேசி ஒரு முடிவு எடுத்து, அதையே அவரிடம் ‘வைத்தியரின் தீர்மானம்’ என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. நான் உடன்படவில்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது, அந்த வேறுபாடு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நிபுணர்களில் இருவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுபவர்கள். அதனால் விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அவர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "எனக்குத்தான் அப்பவே குழாயை வெட்டிட்டாங்களே டொக்டர். வெட்டுன குழாய்ல எப்படி நோய் வரும்?"

நியாயமான கேள்வி. எல்.ஆர்.டி.யில் குழாயின் நடுப்பகுதியில் ஒரு சிறு துண்டைக் கட்டி எடுக்கிறார்கள், கர்ப்பம் தரிக்காமலிருக்க அது போதும், நோய் தொடங்கும் நுனி உள்ளேயே தங்கிவிடுகிறது என்று படம் வரைந்து காட்டினேன்.

பிறகு மூன்று வழிகளையும், ஒவ்வொன்றின் நன்மையையும் தீமையையும் சொன்னேன். எது சரி என்று நிரூபிக்கப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "மழை நேரத்துல ஒரு எலையில கொப்புளம் கண்டா, அதைக் கிள்ளிட்டுப் பக்கத்து எலையையும் திருப்பிப் பாப்போம். பாக்காம விட மனசு வராது. அதுக்காக மலை பூரா மருந்தடிக்கவும் மாட்டோம்" என்றார்.

தேயிலை ஒப்பீடு எல்லா விதத்திலும் பொருந்தாது. இலையின் கொப்புளம் கண்ணுக்குத் தெரியும், வயிற்றறையில் விழுந்த கலம் தெரியாது. இதையும் அவரிடம் சொன்னேன். ஆனாலும் அவர் சொன்னதில் அவருடைய விருப்பம் தெளிவாக இருந்தது. கணவரோடு பேச ஒரு வாரம் கேட்டார், கொடுத்தோம்.

## எடுத்த முடிவும் காரணமும்

சூலகப் புற்றில் உயரக்கூடிய சி.ஏ.125 என்ற இரத்தச் சோதனை, வழமையான அளவுக்குள், 18 ஆக இருந்தது. வயிற்று, இடுப்பறை சி.டி. ஸ்கேனில் எதுவும் இல்லை. கூட்டாகப் பேசி எடுத்த முடிவு இது: இரு சூலகங்களையும் அகற்றுவது, வயிற்றறையைக் கழுவி நீரைப் பரிசோதிப்பது, குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரையிலிருந்தும் வயிற்றறை உறையிலிருந்தும் மாதிரி எடுப்பது, எதிலும் நோய் இல்லையென்றால் கீமோ கொடுக்காமலிருப்பது. நிணநீர்க் கணுக்களை எடுக்க வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். அதனால் கிடைக்கும் தகவலை விடத் தீங்கு அதிகம் என்று கருதினோம்.

காரணங்களில் எங்களை அதிகம் அசைத்தது தாயின் கதை. குடும்பத்தில் பிஆர்சிஏ1 மாற்றம் இருந்தால் சூலகங்களை எப்படியும் 35 முதல் 40 வயதுக்குள் அகற்றியிருக்க வேண்டும். இவருக்கு 48. காத்திருப்பதால் கிடைக்கும் நன்மை ஒன்றிரண்டு வருட மாதவிடாய் ஹோர்மோன் மட்டுமே. முழுவதும் இல்லாத நன்மை என்று அதைச் சொல்ல மாட்டேன், எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. ஆனால் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

சூலகங்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, குடும்பக் கதையும் சுத்தமாக இருந்திருந்தால், முதலாமவரின் வழியையே நான் ஆதரித்திருப்பேன்.

## இரண்டாம் சத்திரசிகிச்சை

சித்திரைப் புத்தாண்டு முடிந்து, ஏப்ரல் கடைசி வாரத்தில், சிறு துளைகள் வழியாக நடந்தது. முதல் சத்திரசிகிச்சையின் ஒட்டுகள் எதிர்பார்த்ததை விடக் குறைவு. சூலகங்கள், கழுவுநீர், எடுத்த எல்லா மாதிரிகளும் நோயற்றவை. கீமோ கொடுக்கப்படவில்லை. கொரோனாவின் மூன்றாம் அலை ஏறிக்கொண்டிருந்ததால் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பினோம்.

சூலகங்கள் இல்லாததால், சில வாரங்களில் அவருக்கு உடல் திடீர் திடீரென்று எரியத் தொடங்கியது. மலையகத்தின் இரவுக் குளிரில் கம்பளியைத் தள்ளிவிட்டு வாசலில் போய் உட்காருவாராம். இது வரும் என்று சொல்லியிருந்தோம். எவ்வளவு கடுமையாக வரும் என்று போதுமான அளவு சொல்லவில்லை. ஹோர்மோன் மாத்திரை பற்றிப் பேசினோம், அவர் வேண்டாம் என்றார். ஏழெட்டு மாதத்தில் தணிந்தது.

மரபணுச் சோதனையை அப்போது எங்களால் இலவசமாகச் செய்ய முடியவில்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், அவர் பணம் அனுப்பினார். ஜூலையில் முடிவு வந்தது: பிஆர்சிஏ1 மாற்றம் உண்டு.

## கண்காணிப்பு தடுமாறியது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடற்பரிசோதனையும் சி.ஏ.125உம், வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனையும் என்று திட்டமிட்டோம். சி.ஏ.125ஐ நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதை அவரிடமே சொன்னோம். பிரித்தானியாவில் 200,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021 மே மாதத்தில்தான் வந்திருந்தது. அந்தச் சோதனையாலோ ஸ்கேனாலோ பொதுமக்களிடையே சூலகப் புற்று மரணங்கள் குறையவில்லை. ஸ்டிக் உள்ளவர்களுக்கும் அவை உயிர்காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருந்தும் செய்கிறோம், இதைவிட நல்லதொன்று கையில் இல்லாததால்.

2022 ஜனவரியில் வந்தார். ஜூலையில் வரவில்லை. நாட்டில் பெற்றோல், டீசல் இல்லாத மாதங்கள் அவை. பஸ் ஓடவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஆனால் 2023 ஜனவரியிலும் அவர் வரவில்லை, எங்களில் யாரும் தேடவுமில்லை. மார்ச்சில் தோட்டத்து மருத்துவமாது ஒருவர் வேறொரு வேலையாக எங்கள் வார்ட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அந்த மருத்துவமாது வீட்டுக்குப் போய்ச் சொன்ன பிறகே நோயாளி வந்தார். பதினான்கு மாத இடைவெளி.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகியிருந்தது, அடுத்த வருட விலைவாசியில் அது கரைந்துபோயிருந்தது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேறு. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குன்னு நெனச்சேன்" என்றார். நாங்கள் கொடுத்திருந்த அடுத்த திகதி அட்டையும் சிங்களத்தில் இருந்தது.

இந்த இடைவெளியை நான் இலேசாக எடுக்கவில்லை. 2022இல் வெளியான ஒரு சர்வதேசத் தொகுப்பாய்வு, தடுப்புக்காகச் சூலகங்களையும் குழாய்களையும் அகற்றிய 3,121 பிஆர்சிஏ பெண்களைப் பார்த்தது. ஸ்டிக் இருந்தவர்களுக்குப் பின்னால் வயிற்றறைப் புற்று வரும் வாய்ப்பு ஐந்து வருடத்தில் 10.5 வீதம், பத்து வருடத்தில் 27.5 வீதம் என்று மதிப்பிட்டது. ஸ்டிக் இல்லாதவர்களுக்கு 0.3, 0.9 வீதம். எங்கள் முடிவை எடுத்தபோது இந்த எண்கள் எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் சத்திரசிகிச்சை பற்றிய முடிவு மாறியிருக்காது. "எல்லாம் கிளியர்" என்று வார்ட்டில் சொன்ன அந்த வார்த்தையை நிச்சயம் சொல்லியிருக்க மாட்டோம். அவர் வராமல் விட்டதற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

## குடும்பம்

பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் போயிருக்க ஆளுக்கு 50 வீத வாய்ப்பு. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதும் என்று குடும்பம் நினைத்தது. மகனும் தன் மகளுக்குக் கடத்தலாம் என்பதைத் தனியாக உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது.

குடும்ப மரத்தை வரைந்தபோது இன்னொன்று தெரிந்தது. அவருடைய கணவர் தாய்மாமன் மகன். மாற்றம் தாய்வழி வந்தது என்றால், தாய்மாமனிடமும் இருந்திருக்கலாம், அவர் மகனிடமும் இருக்கலாம். உறவுக்குள் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் ‘அம்மா வழி’, ‘புருஷன் வழி’ என்று இரண்டு பக்கம் பிரித்துக் கேட்கும் படிவம் உதவாது. கணவரையும் பரிசோதித்தோம், அவரிடம் மாற்றம் இல்லை. கணவரின் சகோதரிகளுக்கும் செய்தி சொல்லப்பட்டது, ஒருவர் வந்து ஆலோசனை பெற்றார்.

நோயாளியின் மூத்த தங்கைக்கு 44 வயது. மாற்றம் இருந்தது. 2023 கடைசியில் குழாய்களையும் சூலகங்களையும் அகற்றினோம். நுனிகள் முழுவதுமாக நறுக்கிப் பார்க்கப்பட்டன, நோய் இல்லை. இளைய தங்கை பரிசோதனை வேண்டாம் என்றார். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரும்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று கேட்டார். வற்புறுத்தவில்லை, மனம் மாறினால் வரச் சொன்னோம். மகளுக்கு 23 வயது. 25இலிருந்து மார்பகக் கண்காணிப்புத் தேவைப்படலாம் என்பதால், அதற்கு முன் சோதனை செய்வது பற்றிப் பேசிவைத்திருக்கிறோம்.

## மாற்றிக்கொண்டவை

புதிய நோயாளியிடம் இப்போது நான் கேட்பது, அம்மாவும் அம்மாவின் சகோதரிகளும் அப்பாவின் சகோதரிகளும் எந்த வயதில், எப்படி இறந்தார்கள் என்பதை. வயிறு வீங்கி என்றால் நின்று கேட்கிறேன். நேரம் எடுக்கிறது, எடுக்கட்டும்.

வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பை எடுத்தாலும் குழாய் நுனியை முழுவதும் பார்க்கச் சொல்லி, ஆய்வுகூடப் படிவத்தில் எழுதுகிறோம். ஆய்வுகூடத்துக்கு இது கூடுதல் சுமை. எல்லா நோயாளிக்கும் கேட்க முடியவில்லை, குடும்பக் கதை உள்ளவர்களுக்கு நிச்சயம் கேட்கிறோம்.

மூன்றாம் பிள்ளையோடு சிசேரியனுக்கு வந்து எல்.ஆர்.டி. கேட்கும் பெண்களிடம், நடுவில் கட்டுவதற்குப் பதிலாக குழாய்களை முழுவதுமாக அகற்றலாமா என்று இப்போது பேசுகிறோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல் இதை ஊக்குவிக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. சத்திரசிகிச்சை நேரம் சற்றுக் கூடும், பிறகு மனம் மாறினால் திரும்ப இணைக்கவும் வழியில்லை. ஆனால் எங்கள் பகுதியில் இவ்வளவு பெண்கள் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளும்போது, அந்தப் பேச்சைத் தொடங்காமலேயே இருப்பது தவறு என்று நம்புகிறேன்.

அவருக்கான கண்காணிப்பையும் மாற்றினோம். இரத்தம் தோட்டத்துக்கு அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையிலேயே எடுக்கப்படுகிறது. அட்டை தமிழில். தவறினால் ஒரு வாரத்துக்குள் மருத்துவமாதுவுக்குத் தொலைபேசி போகும். எங்கள் பக்கம் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு தாதி வைத்திருக்கிறார், வைத்தியர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள் என்பதால்.

2025 ஜனவரியில் வந்திருந்தார். மலைக்குப் போவதை நிறுத்தி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். சி.ஏ.125 15, வயிற்றில் எதுவும் தட்டுப்படவில்லை, மார்பகப் பரிசோதனையும் சரி. சத்திரசிகிச்சை முடிந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. அடுத்த திகதி ஜூலையில். "தங்கச்சியையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இளையவர் இன்னும் வரவில்லை.